மேசியா தீர்க்கதரிசனங்கள்: மத்தேயு வசனத்தைத் திரித்தாரா?

கேள்வி கல்முனையிலிருந்து வந்தது. எழுதியவர் உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி. நத்தாருக்கு முன் கரோல் பாட வந்தவர்கள் வீட்டில் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய ஏற்பாட்டில், வரப்போகும் மீட்பரான மேசியாவைப் பற்றி 300க்கும் மேற்பட்ட தீர்க்கதரிசனங்கள் உண்டு, அத்தனையும் இயேசுவில் நிறைவேறின, அவற்றில் 8 மட்டும் ஒரே ஆளுக்குத் தற்செயலாகப் பொருந்துவதென்றால்கூட 1க்குப் பின்னால் 17 பூச்சியம் போட்ட எண்ணில் ஒரு வாய்ப்புத்தான் என்று அதில் இருக்கிறது. தம்பி அதை மருதமுனையிலுள்ள முஸ்லிம் நண்பனிடம் காட்டியிருக்கிறார். அவன், "ஏசாயா 7ஐ ஒருக்கா முழுசா வாசிச்சுப் பார்" என்றானாம். ஒரு கன்னிகை பிள்ளை பெறுவாள் என்று தீர்க்கதரிசி ஏசாயாவின் அந்த அதிகாரத்தில் வரும் வசனம் இயேசுவின் பிறப்பில் நிறைவேறியது என்று மத்தேயு தன் நற்செய்தியில் எழுதியிருக்கிறார். வாசித்தால் அங்கே யூதாவின் ஆகாஸ் ராஜாவும் அவனைத் தாக்க வந்த இரண்டு ராஜாக்களும்தான் இருக்கிறார்கள். "அப்ப மத்தேயு எங்கள ஏமாத்தியிருக்கிறாரா சேர்?" இது முதல் கேள்வி. உபாகமம் 18இல் மோசேயைப் போல ஒரு தீர்க்கதரிசி வருவார் என்று இருப்பது தங்கள் நபியைத்தான் என்றும் நண்பன் சொல்கிறானாம். அதற்கு என்ன பதில் என்பது இரண்டாவது.

தம்பி, உங்கள் நண்பன் சொன்னதில் பிழையில்லை. எந்த வசனத்தையும் அதன் அதிகாரத்தோடு வாசிக்கவேண்டும். மத்தேயு ஏமாற்றவும் இல்லை. மத்தேயு செய்யாத ஒரு வேலையை அவர் தலையில் கட்டிவிட்டது அந்தத் துண்டுப்பிரசுரம்தான். அதை விளக்கக் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பில் பல காலம் கிறிஸ்தவ பாடம் படிப்பித்தவன் நான். மெதடிஸ்த வீட்டில் வளர்ந்ததால் தீர்க்கதரிசி, சங்கீதம், ஓசியா என்றுதான் கை எழுதும். கத்தோலிக்கப் பிள்ளைகள் இறைவாக்கினர், திருப்பாடல், ஓசேயா என்று மாற்றி வாசித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஏசாயா 7. கி.மு. 734 அளவில் நடந்த கதை அது. வடக்கே அசீரியப் பேரரசு பெருகி வருகிறது. அதை எதிர்க்கச் சீரியாவின் ரேத்சீனும் வட இஸ்ரவேலின் பெக்காவும் கூட்டுச் சேர்ந்து, தெற்கே ஆகாஸ் ஆண்ட யூதாவையும் தங்களோடு சேரும்படி நெருக்குகிறார்கள். ஆகாஸ் சேரவில்லை. சரி, உன்னைத் தூக்கிவிட்டு எங்கள் ஆளை வைக்கிறோம் என்று எருசலேமுக்குப் படை எடுத்து வருகிறார்கள். ஆகாஸுக்கு நடுக்கம். அப்போதுதான் ஏசாயா அவனிடம் போய், பயப்படாதே, கடவுளிடம் ஓர் அடையாளம் கேள் என்கிறார். அவன் கேட்க மறுக்கிறான். அப்படியானால் கடவுளே தருகிறார் என்கிறார் ஏசாயா: ஒரு பிள்ளை பிறக்கும், அதற்கு இம்மானுவேல் என்று பெயரிடப்படும், அந்தப் பிள்ளைக்கு நன்மை தீமை தெரிகிற வயது வருமுன் இந்த இரண்டு ராஜாக்களின் நாடும் வெறுமையாகிப் போகும். கி.மு. 732இல் சீரியாவின் தலைநகர் தமஸ்கு அசீரியரிடம் விழுந்தது; 722 அளவில் வட இஸ்ரவேலின் தலைநகர் சமாரியாவும் போனது. ஆக, அந்த அடையாளம் ஆகாஸின் காலத்துக்கே கொடுக்கப்பட்டது. 700 வருடம் கழித்துப் பிறக்கும் குழந்தை ஆகாஸின் நடுக்கத்துக்கு எப்படி மருந்தாகும்? பிள்ளை பெறுகிறவளைக் குறிக்கும் எபிரெயச் சொல்லுக்குப் பொருள் கன்னிகையா இளம்பெண்ணா என்று அந்த ஒரு சொல்லில் நின்று சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதேயில்லை.

இதெல்லாம் மத்தேயுவுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? யூத வேதத்தில் ஊறிய மனிதர் அவர். அவர் எழுதியதை முதலில் வாசித்தவர்களும் பெரும்பாலும் யூதர்கள். தெரியாதவர்களுக்கு எழுதி ஏமாற்றுவது இலகு. தெரிந்தவர்களுக்கு எழுதிக்கொண்டு ஏமாற்ற முடியாது.

தீர்க்கதரிசி என்றால் எதிர்காலத்தைக் குறி சொல்கிறவர் என்ற நினைப்பை முதலில் விடவேண்டும். எங்கள் ஊர்களில் சாத்திரம் கேட்கப் போகிற பழக்கம் எல்லாச் சமயத்தவரிடமும் இருக்கிறது, அதனால் அப்படி நினைக்கத் தோன்றும். இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகள் தங்கள் காலத்து ராஜாவின் முகத்துக்கு நேரே பேசியவர்கள். ஏழையின் காணியைப் பிடுங்காதே, அசீரியாவை நம்பாதே, மனந்திரும்பு என்பதுதான் அவர்கள் பேச்சில் பெரும்பகுதி. வருங்காலத்தைப் பேசும்போதும், கடவுள் முன்பு கொடுத்த வாக்கிலிருந்து பேசினார்கள்.

அந்த வாக்குத்தான் மேசியா நம்பிக்கையின் வேர். 2 சாமுவேல் 7ஐ எடுங்கள். தாவீது ராஜா கடவுளுக்கு ஒரு வீடு கட்ட ஆசைப்படுகிறான். நீ எனக்கு வீடு கட்டவேண்டாம், நான் உனக்கு வீடு கட்டுகிறேன், உன் சிங்காசனம் என்றும் நிலைத்திருக்கும் என்று தீர்க்கதரிசி நாத்தான் மூலம் பதில் வருகிறது. மேசியா என்றால் அபிஷேகம் பண்ணப்பட்டவர். எண்ணெய் வார்த்து அமர்த்தப்பட்ட எந்த ராஜாவுக்கும், ஆசாரியனுக்கும் அது பொருந்தும். ஏசாயா 45:1 பாரசீக ராஜாவான கோரேசைக்கூட அப்படி அழைக்கிறது. சங்கீதம் 2, 72, 110 எல்லாம் எருசலேமில் ராஜாக்களைப் பற்றிப் பாடிய பாட்டுகள். பாட்டு எப்போதும் ஆளை விடப் பெரிதாக இருந்தது. பூமியின் எல்லைவரை ஆளுவார், ஏழைக்கு நியாயம் செய்வார் என்று பாடினார்கள். அரியணையில் இருந்தவனோ ஆகாஸ் மாதிரி ஒருவன். பிறகு கி.மு. 586 அளவில் பாபிலோனியர் வந்து எருசலேமை எரித்தார்கள். அரியணையே இல்லாமல் போனது.

சங்கீதம் 89ஐ ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், தம்பி. முதல் 37 வசனமும் தாவீதுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து ஒரே புகழ்ச்சி. 38இல் சட்டென்று திரும்புகிறது. நீர் உமது உடன்படிக்கையைத் தள்ளிவிட்டீர், கிரீடத்தைத் தரையில் போட்டீர், ஆண்டவரே, அந்தப் பழைய கிருபைகள் எங்கே என்று கேட்டு அழுகிறது. மேசியா நம்பிக்கை அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்தது. வாக்குக் கொடுத்தவர் பொய் சொல்லமாட்டார், வாக்கு இன்னும் நிறைவேறவில்லை, அப்படியானால் இனித்தான் ஒருவர் வரவேண்டும். பழைய ராஜ பாட்டுகள் எதிர்காலத்தைப் பார்த்துத் திரும்பியது அப்படித்தான். ஏசாயா 7இன் பிள்ளை, 9இன் "நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்", 11இல் தாவீதின் தகப்பன் ஈசாயின் அடிமரத்துத் துளிர், மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றின் சொற்கள் ஆகாஸின் மகன் எசேக்கியாவின் தோளுக்கு மிகப் பெரிய சட்டையாகத்தான் இருந்தன.

வரப்போகிறவர் யார் என்பதில் இயேசுவின் காலத்து யூதர்களுக்குள் ஒரே கருத்து இருந்ததில்லை. சாக்கடல் அருகே கும்ரானில் வாழ்ந்தவர்களின் சுருள்களில் ஆசாரிய மேசியா ஒருவர், ராஜ மேசியா ஒருவர் என்று இரண்டு பேர் வருகிறார்கள். சிலர் போர்வீரனை எதிர்பார்த்தார்கள். சமாரியர் மோசேயின் 5 ஆகமங்களை மட்டும் ஏற்றவர்கள். அவர்களுக்குத் தாவீதின் மகன் தேவையேயில்லை, மோசேயைப் போன்ற ஒருவர்தான் வேண்டும். ஆக, 300 கட்டங்கள் போட்ட ஒரு விண்ணப்பப் படிவம் மேசைமேல் தயாராக இருந்தது, இயேசு வந்து ஒவ்வொன்றாகச் சரி போட்டார் என்ற படமே பிழை. அப்படியொரு படிவம் அன்று யாரிடமும் இருக்கவில்லை.

படிவம் இருந்திருந்தாலும், சிலுவை அதில் இருந்திருக்காது. மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளால் சபிக்கப்பட்டவன் என்கிறது உபாகமம் 21:23. மேசியா பாடுபட்டுச் சாவார் என்றதும் சீடரான பேதுருவே இயேசுவைத் தனியே கூட்டிக்கொண்டுபோய்க் கடிந்துகொண்டார். இயேசுவுக்கு 100 வருடம் பின்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். கி.பி. 132இல் சீமோன் பார் கொக்பா ரோமருக்கு எதிராக எழுந்தான். ரபி அக்கிபா போன்ற பெரிய மேதையே அவனை மேசியா என்று ஏற்றதாக யூத மரபு சொல்கிறது. 135இல் ரோமர் அவனைக் கொன்றார்கள்; கதை முடிந்தது. செத்துப்போனவன் மேசியா அல்ல என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. சிலுவைச் சாவுக்குப் பிறகு எம்மாவு என்ற ஊருக்குப் போன இரண்டு சீடர்களும் அதே கணக்கைத்தான் சொன்னார்கள்: இஸ்ரவேலை மீட்பவர் இவர்தான் என்று நம்பியிருந்தோம். இருந்தோம், அவ்வளவுதான்.

லூக்கா 24இன்படி, அந்த வழியில்தான் கிறிஸ்தவ வாசிப்பு தொடங்குகிறது. உயிர்த்தவர் என்று அவர்கள் பின்னால் அறிந்துகொண்ட ஒருவர் மோசே முதல் எல்லாத் தீர்க்கதரிசிகளையும் எடுத்து விளக்குகிறார். இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் சிலுவை, பிறகு உயிர்ப்பு, அதற்குப் பிறகுதான் வேதாகமம் திறக்கிறது. வசனங்களைக் கூட்டிப் பார்த்து, விடை இயேசு என்று கண்டுபிடித்தவர் சீடர்களில் ஒருவரும் இல்லை. இயேசுவைச் சந்தித்தபின், சிறு வயதிலிருந்து மனப்பாடமாய் இருந்த வேதத்தை முதலிலிருந்து திரும்ப வாசித்தார்கள். வாசித்தபோது, முன்பு அர்த்தம் முடிந்துபோனதாய்த் தெரிந்த இடங்களெல்லாம் முடியாமல் நின்றன. நிறைவேறியது என்று நற்செய்தியாளர்கள் எழுதும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இதற்கு நல்ல சாட்சி மத்தேயு 2:15. குழந்தை இயேசுவோடு யோசேப்பும் மரியாளும் எகிப்துக்கு ஓடிப்போய் ஏரோது ராஜா சாகும்வரை அங்கே இருந்ததைச் சொல்லிவிட்டு, "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்பது நிறைவேறியது என்கிறார். ஓசியா 11:1இல் இருந்து எடுத்தது. அங்கே போய்ப் பார்த்தால் அது முன்னறிவிப்பே இல்லை! இஸ்ரவேல் மக்களை மோசே காலத்தில் எகிப்திலிருந்து மீட்டதைக் கடவுள் ஒரு தகப்பன் போல நினைத்துப் பேசுகிற இடம். அடுத்த வசனத்திலேயே, கூப்பிடக் கூப்பிட அவர்கள் விலகிப்போய்ப் பாகால்கள் என்ற அந்நிய தெய்வங்களுக்குப் பலியிட்டார்கள் என்று வருகிறது. துண்டுப்பிரசுரக் கணக்கில் இதையும் ஒரு தீர்க்கதரிசனம் என்று எண்ணினால், உங்கள் நண்பன் ஒரு நிமிடத்தில் உடைத்துவிடுவான்.

மத்தேயு என்ன செய்கிறார் என்று பார்க்க, அதிகாரங்களைத் தொடர்ந்து வாசியுங்கள். இயேசு எகிப்திலிருந்து வருகிறார். 3ஆம் அதிகாரத்தில் யோர்தான் தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் பெறுகிறார், இஸ்ரவேல் கடலைக் கடந்ததுபோல. 4இல் 40 நாள் வனாந்தரத்தில் இருக்கிறார், இஸ்ரவேல் 40 வருடம் இருந்ததுபோல. அங்கே சோதனைக்காரனுக்கு அவர் கொடுக்கும் மூன்று பதிலும் உபாகமம் 6, 8ஆம் அதிகாரங்களிலிருந்து வருகின்றன. இஸ்ரவேல் வனாந்தரத்தில் தோற்றதை மோசே நினைவுபடுத்துகிற பகுதிகள் அவை. 5இல் மலையில் ஏறிப் போதிக்கிறார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 18 நாளும் ஊர் ஆக்கள் பாண்டவர்களாகி, வனவாசம் போய், தீ மிதித்து அந்தப் பழைய கதையைத் தங்கள் உடம்பால் வாழ்கிறார்கள். பாரதத்தில் பாண்டிருப்பைப் பற்றி முன்னறிவிப்பு இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மத்தேயுவின் இயேசு இஸ்ரவேலின் கதையைத் தன் வாழ்க்கையாலேயே திரும்ப நடக்கிறார். ஒரு வித்தியாசம், முதல் குமாரனான இஸ்ரவேல் விழுந்த இடத்திலெல்லாம் இந்தக் குமாரன் விழாமல் நடக்கிறார் என்பது மத்தேயுவின் அறிக்கை. ஓசியாவின் அடுத்த வசனம் அவருக்குத் தடையே இல்லை. அது இருப்பதால்தான் அவர் சொல்வதற்குக் கனம் வருகிறது.

இம்மானுவேலும் அப்படியே. ஆகாஸின் காலத்தில் "கடவுள் நம்மோடு" என்பதற்கு ஒரு பிள்ளையின் பெயர் அடையாளமாயிற்று. மத்தேயு தன் நற்செய்தியை அந்தப் பெயரோடு தொடங்கி, கடைசி வசனத்தில் உயிர்த்தவர் "சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்" என்று சொல்வதோடு முடிக்கிறார். ஏசாயா சொன்னது அன்று உண்மையானது, இப்போது அதன் நிறை அளவுக்கு வந்தது என்கிறார். பிறப்பு கன்னியிடம் நடந்தது என்பதை அவர் ஏசாயாவிலிருந்து கற்பனை பண்ணி எடுத்தார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. லூக்காவும் தனியாக அதே பிறப்பைச் சொல்கிறார், ஏசாயா 7ஐ மேற்கோள் காட்டாமலே. முதலில் செய்தி கையில் இருந்தது, பிறகுதான் வசனம் நினைவுக்கு வந்தது என்று எடுத்துக்கொள்வதுதான் பொருத்தம்.

அதே 2ஆம் அதிகாரத்தில் இன்னொரு வசனம் இருக்கிறது. அதை மட்டக்களப்பில் என்னால் வேகமாகக் கடந்துபோக முடியாது. ஏரோது பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்றபின், இஸ்ரவேலின் முன்னோர் தாயான ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிறாள் என்ற எரேமியா 31:15ஐ மத்தேயு எடுக்கிறார். எரேமியா எழுதியது பாபிலோனுக்குச் சங்கிலியோடு கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றி. அவர்களை ராமா என்ற ஊரில்தான் திரட்டி வைத்திருந்தார்கள். மத்தேயு வழக்கமாக, இன்ன வசனம் நிறைவேறும்படி இப்படி நடந்தது என்று எழுதுவார். இங்கே அந்த "படி" இல்லை. அப்பொழுது நிறைவேறிற்று என்று மாற்றி எழுதுகிறார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் காசு விடயத்திலும் இதே மாற்றம்தான். குழந்தைகள் சாகவேண்டும் என்று கடவுள் முன்பே எழுதிவைத்தார் என்று யாரும் வாசித்துவிடக்கூடாது என்ற கவனமாகவே நான் இதைப் பார்க்கிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் எங்கள் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள். பிள்ளைகளைக் காணாமற் போகக் கொடுத்துவிட்டுப் படத்தோடு தெருவில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், எல்லாம் தீர்க்கதரிசனத்தின்படி நடக்கிறது என்று சொல்கிற போதகர் மத்தேயுவைச் சரியாக வாசிக்கவில்லை. எரேமியாவில் அந்த வசனத்துக்கு அடுத்து, உன் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்ற வாக்கு இருக்கிறது. மத்தேயு அதை எழுதவில்லை. அழுகையோடு நிறுத்திவிட்டார்.

சரி, அந்த 17 பூச்சியக் கணக்கு. அது பீற்றர் ஸ்டோனர் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் போட்டது. டெக்சஸ் மாநிலம் முழுக்க 2 அடி உயரத்துக்கு வெள்ளிக் காசு பரப்பி, ஒன்றில் மட்டும் அடையாளமிட்டு, கண்ணைக் கட்டிய ஒருவன் முதல் தடவையிலேயே அதை எடுப்பது போல என்று உவமையும் சொன்னார். கேட்க நன்றாயிருக்கும், மேடையில் கைதட்டும் கிடைக்கும். ஆனால் அந்த 8இல் ஒன்று சகரியா 9:9, ராஜா கழுதையின்மேல் வருவது. இயேசு தாமாகவே ஆளனுப்பிக் கழுதையைக் கொண்டுவரச் சொல்லி ஏறினார். அதில் தற்செயல் எங்கே? அது வேண்டுமென்றே செய்த ஓர் அரசியல் செயல். தாவீது தன் கோவேறு கழுதையில் சாலொமோனை ஏற்றி அனுப்பித்தான் ராஜாவாக்கினான். சகரியாவின் அடுத்த வசனம் இரதங்களும் குதிரைகளும் ஒழிந்துபோகும், பிற நாட்டு மக்களுக்குச் சமாதானம் கூறுவார் என்கிறது. நான் எப்படிப்பட்ட ராஜா என்பதை அவர் வாய் திறக்காமல் அறிவித்தார். அதைப் போய் நிகழ்தகவில் போட்டால் அழகெல்லாம் போய்விடுகிறது. 30 வெள்ளிக்காசும் அந்தப் பட்டியலில் உண்டு. அது சகரியா 11இல் இருக்க, மத்தேயு எரேமியாவின் பெயரைச் சொல்கிறார்; எரேமியாவின் குயவனும் நிலம் வாங்கிய கதையும் அவர் மனதில் சேர்ந்து நின்றிருக்கின்றன போலும். பட்டியல் போடுகிறவருக்குத்தான் இது தலையிடி.

இவ்வளவும் சொன்னதால், எல்லாமே திரும்ப வாசித்ததுதான், பழைய எழுத்தில் தானாக ஒன்றும் இல்லை என்று எண்ணவேண்டாம். ஏசாயா 53 இருக்கிறது. இதில் நின்று பேசலாம்.

முதலில் தேதி. கிறிஸ்தவர்கள் பின்னால் எழுதிச் செருகினார்கள் என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. 1947இல் கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருள், 7 மீற்றருக்கு மேல் நீளம், 66 அதிகாரமும் ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. இயேசுவுக்கு 100 வருடத்துக்கும் முந்தியது. அதில் இந்த அதிகாரமும் இருக்கிறது: அசட்டைபண்ணப்பட்ட ஊழியன், நமது மீறுதல்களுக்காகக் காயப்பட்டவன், வாய் திறவாத ஆட்டுக்குட்டி, ஐசுவரியவானோடு கல்லறை, அதற்குப் பிறகும் நீடித்த நாட்கள்.

யூதர்கள் இதை எப்படி வாசிக்கிறார்கள்? அந்த ஊழியன் இஸ்ரவேல் மக்கள் என்று. இது நேற்று வந்த விளக்கமில்லை. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன், தன்னோடு வாதிட்ட யூதர்கள் இப்படித்தான் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறார். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி இதை விரிவாக விளக்கினார். அவர்கள் கையில் நல்ல ஆதாரமும் இருக்கிறது. ஏசாயா 41:8இலும் 44:1இலும் 49:3இலும் "என் ஊழியனாகிய இஸ்ரவேல்" என்றே பெயர் சொல்லி வருகிறது. சிலுவைப்போர் காலத்தில் கிறிஸ்தவர் கையாலேயே வெட்டுண்ட ஒரு சமூகம், அடிக்கப்படுகிற ஊழியன் நாங்கள்தான் என்று வாசித்தபோது, நாம் பதில் பேசக் கொஞ்சம் கூசவேண்டும். யூத மரபுக்குள்ளும் ஒரே குரல் இல்லை. பழைய அரமேய விளக்கமான தர்கும் ஊழியனை மேசியா என்றே சொல்கிறது. ஆனால் பாடுகளையெல்லாம் அவரிடமிருந்து கழற்றி மற்றவர்கள்மேல் போட்டுவிடுகிறது.

கிறிஸ்தவர் இங்கே கேட்பது இதைத்தான்: 49:3இல் இஸ்ரவேல் என்று அழைக்கப்பட்ட ஊழியன், 49:5-6இல் இஸ்ரவேலையே திருப்பிக் கொண்டுவர அனுப்பப்படுகிறான். 53இல் அவன் "என் ஜனத்தின்" மீறுதலுக்காக அடிபடுகிறான். மக்களின் பெயரைச் சுமந்துகொண்டு மக்களுக்காக நிற்கிற ஒருவன். அந்த வேலையைச் செய்தவர் யார்? அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி தேரில் இருந்தபடி இந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுப் பிலிப்புவிடம், தீர்க்கதரிசி தன்னைப் பற்றிச் சொல்கிறாரா, வேறொருவரைப் பற்றியா என்று கேட்கிறார். அந்தக் கேள்வி இன்றும் அப்படியே திறந்துதான் இருக்கிறது. பிலிப்பு அங்கிருந்து தொடங்கி இயேசுவைப் பற்றிச் சொன்னார் என்றுதான் எழுதியிருக்கிறது, வாதத்தில் வென்றார் என்று இல்லை. இன்னொரு விடயம் பலருக்கு வியப்பாக இருக்கும். மத்தேயு இந்த அதிகாரத்தை நேரடியாக மேற்கோள் காட்டுவது சிலுவைக்கு அல்ல. 8:17இல் நோயாளிகளைச் சுகமாக்கியதற்கு. பேதுருவின் முதல் நிருபம் 2ஆம் அதிகாரத்தில் எடுப்பதோ அநியாயமாக அடிவாங்கும் வேலைக்காரருக்கு ஆறுதல் சொல்ல. முதல் கிறிஸ்தவர்கள் இந்த அதிகாரத்தோடு வாழ்ந்தார்கள். வாதம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் நண்பன் கேட்காத, ஆனால் எந்த யூதரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. வாள்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்கிறது ஏசாயா 2. ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்கும் என்கிறது 11. மேசியா வந்துவிட்டார் என்றால் அது எங்கே? 2009 வரை இந்தக் கரையில் நடந்த போரை வைத்துக்கொண்டு நாமும் அதைக் கேட்கலாம். கிறிஸ்தவ பதில், தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை, அவர் மீண்டும் வருவார் என்பது. லூக்கா 4இல் நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயா 61ஐ வாசித்தபோது, அநுக்கிரக வருஷம் என்ற இடத்தோடு சுருளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார். அடுத்து வரும் "நீதியைச் சரிக்கட்டும் நாள்" பகுதியை வாசிக்கவில்லை. பாதி இப்போது, பாதி பிறகு என்று திருச்சபை அதிலிருந்து விளங்கிக்கொண்டது. வெளியே நிற்பவருக்கு இது சமாளிப்பாகத் தெரியலாம், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் 300இல் 300ம் நிறைவேறிவிட்டது என்று அச்சடிக்கிறவர்கள், அவர் மீண்டும் வருவார் என்ற தங்கள் விசுவாச அறிக்கையையே மறந்துவிடுகிறார்கள்.

தானியேல் 9இன் 70 வாரங்களை வைத்து மேசியா வரும் நாளைக் கணக்குப் போடுவதில் எனக்கு விருப்பமில்லை. 360 நாளை ஒரு வருடமாக்கினால்தான் சில கணக்குகள் சரிவரும். கணக்குப் போட்ட ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விடை வந்திருக்கிறது. அப்புறம், இந்து நண்பர்களிடம் போய் உங்கள் வேதத்துப் பிரஜாபதியே இயேசுதான் என்று காட்டுகிற பழக்கமும் நம்மிடையே உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏசாயா 7ஐ முழுதாக வாசி என்று உங்களுக்குச் சொன்னது நியாயமென்றால், அவர்களுடைய நூலையும் அவர்களுடைய இடத்தில் வைத்து வாசிக்கவேண்டும்.

இனி உபாகமம் 18. மோசே சொல்வது, உன் சகோதரரிலிருந்து என்னைப்போல ஒரு தீர்க்கதரிசியைக் கர்த்தர் எழும்பப்பண்ணுவார். குறிசொல்கிறவர்களிடம் போகாதே என்ற கட்டளைக்கு அடுத்து இது வருகிறது. அதனால் அந்த இடத்தில் முதற்பொருள், யோசுவா தொடங்கி வந்த தீர்க்கதரிசிகளின் வரிசை; யூதர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் அதே நூல் முடியும்போது, 34:10இல், மோசேயைப் போல ஒரு தீர்க்கதரிசி பிறகு எழும்பவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால் எதிர்பார்ப்பு மூடாமல் நின்றது. யோவான் ஸ்நானகனிடம் யூதர்கள் அனுப்பிய ஆட்கள் "நீர் அந்தத் தீர்க்கதரிசியா" என்று கேட்டது அதனால்தான். அப்போஸ்தலர் 3இல் பேதுருவும் 7இல் ஸ்தேவானும் அதை இயேசுவுக்குச் சொல்கிறார்கள்.

உங்கள் நண்பன் "சகோதரர்" என்றால் அரபியரின் முன்னோரான இஸ்மவேலின் வழி என்பான். நீங்கள் 17:15ஐக் காட்டலாம். ராஜாவை உன் சகோதரருக்குள்ளிருந்து எடு, அந்நியனை வைக்காதே என்று ஓர் அதிகாரம் முன்னால் இருக்கிறது, அங்கே சகோதரர் இஸ்ரவேலர்தான். விசயம் தெரிந்தவனாயிருந்தால் அவன் உடனே 2:4ஐயும் 23:7ஐயும் காட்டுவான். அங்கே இஸ்ரவேலுக்கு வெளியே உள்ள ஏதோமியரும் சகோதரர். 17:15 பக்கத்தில் நிற்பதால் என் கணக்கில் அதற்குத்தான் கனம் கூட. ஆனாலும் அவன் செய்வது நமக்குப் புதிதல்ல. பிறகு வந்த ஒருவரை நம்பி, அந்த வெளிச்சத்தில் பழைய வசனத்தைத் திரும்ப வாசிக்கிறான். பேதுரு செய்ததும் அதுதான். ஆகவே வசனத்தை வைத்து அடிபடுவதால் இரண்டு பேருக்கும் பிரயோசனமில்லை. உங்களுக்குள் இருக்கிற வித்தியாசம் வேறிடத்தில். குர்ஆன் இயேசுவை, அதாவது ஈஸா நபியை, மஸீஹ் (மேசியா) என்றே அழைக்கிறது. அந்த மஸீஹ் சிலுவையில் இறந்தார் என்பதைத்தான் அது ஏற்பதில்லை. கிறிஸ்தவ வாசிப்பு முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது அந்த ஓர் இடத்தில். துண்டுப்பிரசுரத்தை வீட்டில் வைத்துவிட்டு, அடுத்த முறை லூக்கா 24ஐக் கொண்டுபோய் அவனோடு வாசியுங்கள். அவனும் தன் பக்கத்து வசனங்களை எடுத்துக் காட்டட்டும், முழு அத்தியாயமாக.